பழைய சிஸ்டத்தைத் தொடுவதற்கு முன்னால்

கேள்வி: 12 வருடப் பழைய பில்லிங் சிஸ்டம் என் தலையில் விழுந்திருக்கிறது. டெஸ்ட் ஒன்றுகூட இல்லை, எழுதியவர்களும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மாதாந்திர ரிப்போர்ட் 40 நிமிடம் ஓடுகிறது, வேகப்படுத்தச் சொல்கிறார்கள். மொத்தமாகத் திருப்பி எழுதிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். அதில் உங்களுக்கு அசிங்கமாகத் தெரிகிற இஃப் கண்டிஷன்களில் பல, என்றோ ஒரு வாடிக்கையாளர் பில் தப்பு என்று சண்டை போட்டதால் வந்தவையாக இருக்கும், அதற்கு வேறெங்கும் ஆவணம் இருக்காது, திருப்பி எழுதினால் அந்தச் சண்டைகளை எல்லாம் மறுபடி முதலிலிருந்து வாங்குவீர்கள்.

இப்போது அது என்ன செய்கிறதோ அதை முதலில் அப்படியே பிடித்து வையுங்கள். பழைய மாதங்களின் டேட்டாவைக் கொடுத்து, வருகிற ரிப்போர்ட்டைச் சேமித்து, ஒவ்வொரு மாற்றத்துக்கு அப்புறமும் மறுபடி ஓட்டி ஒப்பிட வேண்டும். கேரக்டரைசேஷன் டெஸ்ட் என்பது இதுதான். இன்றைய தேதியைப் புரோகிராம் தானாக எடுத்துக்கொள்கிற இடங்களில் சும்மா சும்மா வித்தியாசம் காட்டும், அங்கே தேதியை வெளியிலிருந்து கொடுக்கிற மாதிரி மாற்றுங்கள். கணக்கே தப்பு என்று தெரிந்தாலும் கையோடு திருத்தாதீர்கள், குறித்து வைத்து அக்கவுண்ட்ஸ் ஆட்களிடம் கேளுங்கள், அந்தத் தப்பை நம்பியே இன்னொரு சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

"இத்தனை வருஷம் ஓடினதுதானே, டெஸ்ட் எதுக்கு?" என்று யாராவது கேட்பார்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. ஏரியான் 4இல் ஒழுங்காக ஓடின புரோகிராமைத்தான் அதிலும் போட்டிருந்தார்கள், ஆனால் புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம், அதிலிருந்து வந்த 64 பிட் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. அதனால் உங்கள் டெஸ்ட் டேட்டாவில் இருப்பதிலேயே பெரிய வாடிக்கையாளரும் இருக்கட்டும்.

வேகத்துக்கு வருவோம். ஊகிக்காமல் ப்ரொஃபைலரை (எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து காட்டுகிற கருவி) ஓட்டுங்கள், அதுவும் நிஜ அளவு டேட்டாவில். மொத்த நேரத்தில் 3 சதவீதம் எடுக்கிற ஃபங்ஷனை என்ன மெருகேற்றினாலும் அந்த 3 சதவீதத்துக்கு மேல் மிச்சமாகாது. என் சந்தேகம் லூப்புக்குள் திரும்பத் திரும்ப ஓடுகிற டேட்டாபேஸ் க்வெரி மேல்தான்: 2 லட்சம் பில், ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிசெகண்டில் ஒரு க்வெரி என்றாலே 1,000 விநாடி, கிட்டத்தட்ட 17 நிமிடம் அங்கேயே போய்விடும். அப்படி இருந்தால் டேபிள்களை இணைத்து எடுக்கிற ஒரே க்வெரியில், அதாவது ஜாயினில், எடுத்துவிடலாம், அதன் பிறகும் இழுத்தால் எக்ஸ்ப்ளெய்ன் (க்வெரியை டேட்டாபேஸ் எப்படி ஓட்டுகிறது என்று காட்டுகிற கட்டளை) போட்டு எந்த டேபிளை முழுசாகப் படிக்கிறது, எங்கே இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவுகிற அட்டவணை) இல்லை என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் ஒரு மாதமாவது சேர்த்தே ஓட்டுங்கள், இரண்டும் பைசா மாறாமல் ஒத்துப்போன பிறகு பழையதை நிறுத்தலாம்.