எடைக்குப் போகாத கவர்

ஷாம்பு சாஷே, சிப்ஸ் கவர், பால் கவர் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து ஒரு மாதம் சேர்த்தேன். பழைய பேப்பர்காரர் பால் கவரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தந்துவிட்டார். எல்லாமே பிளாஸ்டிக்தானே?
– வாசகி, விருத்தாசலம்

அவர்மேல் கோபப்படாதீர்கள் அம்மா. இருபது வருஷம் காயலான் கடையில் தராசு பிடித்தவன் நான்; நானும் அதைத்தான் செய்திருப்பேன். பால் கவர் முழுக்க பாலித்தீன். உருக்கினால் குருணை, குருணையிலிருந்து கறுப்புக் குழாய். சிப்ஸ் கவரைக் கிழித்துப் பாருங்கள். வெளியே அச்சடித்த படலம், உள்ளே வெள்ளி மாதிரி ஒரு பூச்சு, அதற்கும் உள்ளே இன்னொரு படலம். எல்லாம் வேறு வேறு சரக்கு, பிரிக்க முடியாதபடி ஒட்டியது. பிரித்தெடுக்கும் செலவுக்குப் புது பிளாஸ்டிக்கே வாங்கிவிடலாம்.

சாஷேயைப் பிரபலமாக்கிய சின்னி கிருஷ்ணன் உங்கள் பக்கத்து கடலூர்க்காரர்தான். ஏழை வீட்டுக்கும் ஷாம்பு வந்தது, நல்லதுதான். காலி கவர் எங்கே போகும் என்று அன்றைக்கு யார் கேட்டார்கள்? மறுசுழற்சி ஆகாத பல அடுக்குக் கவர்களை இரண்டு வருஷத்தில் ஒழிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016 பிளாஸ்டிக் கழிவு விதி சொன்னது. 2018-ல் அதைத் திருத்தி, எரித்து வெப்பம் எடுக்க முடிந்தாலும் போதும் என்றார்கள். சிமென்ட் ஆலை அடுப்பில் போட்டாலும் கணக்கு நேராகிவிடும். எனக்கு அது சரியாகப் படவில்லை.

சேர்த்ததை நகராட்சியின் உலர் குப்பையில் போடுங்கள்; சாக்கடைக்காவது போகாமல் இருக்கும். அடுத்த முறை பாட்டில் ஷாம்பு வாங்குங்கள். காலி பாட்டிலைப் பேப்பர்காரரே கேட்டு வாங்கிப் போவார்.

பாட்டில் அடியில் அம்புக்குறி முக்கோணம் இருந்தால் மறுசுழற்சி ஆகும் என்றுதானே அர்த்தம்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

இல்லை தம்பி. உள்ளே இருக்கும் எண் என்ன ரகம் என்று மட்டும் சொல்லும்: 1 பெட் (தண்ணீர் பாட்டில் ரகம்), 3 பிவிசி (தண்ணீர்க் குழாய் ரகம்), 7 ‘இதர’. 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது. அந்த அம்புதான் ஊரையே ஏமாற்றுகிறது. கடையில் நாங்கள் எண்ணைப் பார்த்ததே இல்லை. தட்டினால் சத்தம், ஓரத்தைக் கொளுத்தினால் வாடை. மெழுகுவத்தி வாடை வந்தால் பாலித்தீன், மூக்கு எரிந்தால் பிவிசி. (நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், அந்தப் புகை ஆகாது.) ஒருமுறை பெட் பாட்டில் லோடில் கொஞ்சம் பிவிசி கலந்துவிட்டது. பெட் உருகும் சூட்டில் பிவிசி கருகி அமிலம் கக்கும். மொத்தச் சரக்கும் பாழ். லோடு அப்படியே திரும்பி வந்தது, லாரி வாடகை என் தலையில்.

நல்ல பெட்டும் பெரும்பாலும் மறுபடி பாட்டில் ஆவதில்லை. நூலாகி, சட்டையாகும். அந்தச் சட்டை கிழிந்தால் எங்களிடம் வராது. 2015 வரை உலகம் முழுக்கக் குப்பையான பிளாஸ்டிக்கில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 சதவீதம்தான்.

பிளாஸ்டிக் ரோடு போட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?
– வாசகர், மதுரை

உங்கள் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்தது. 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். சூடான ஜல்லிமேல் பொடித்த பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும். நல்ல வேலை. ஆனால் அதிலும் பிவிசி ஆகாது, மண்ணும் ஈரமும் ஆகாது. சுத்தமான கவர் கிலோ கணக்கில் வேண்டும். விருத்தாசலத்து அம்மா மாதிரி கழுவிக் காயவைப்பவர்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர்?