பிசினஸ் மாடல் கேன்வாஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அண்ணா, கடனுக்காக எழுதிய 30 பக்கத் திட்ட அறிக்கை கையில் இருக்கிறது. அப்புறம் எதற்கு இந்த ஒன்பது கட்டத் தாள்?

பதில்: அறிக்கை வங்கிக்கு, தாள் உங்களுக்கு. வாடிக்கையாளர், கூட்டாளிகள், செலவு, வருமானம் என்று தொழிலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டம் போட்டு மொத்தத்தையும் ஒரே தாளில் காட்டுவதுதான் கேன்வாஸ். மூன்றாம் பக்கத்தில் எழுதின வாடிக்கையாளருக்கும் இருபதாம் பக்கத்தில் போட்ட செலவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஒரே தாளில் இருந்தால் இடிக்கிற இடம் உடனே கண்ணில் படும். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர் 2004இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் வேர்விட்டது இது.

கேள்வி: இடது பக்கத்திலிருந்து நிரப்பினேன், பாதியில் நின்றுவிட்டது.

பதில்: நிற்கத்தான் செய்யும். இடது பக்கம் முழுக்கக் கூட்டாளிகள், வேலைகள், வளங்கள். யாருக்காக என்று தெரியாமல் அதை எப்படி எழுதுவீர்கள்? வலது ஓரத்தில் இருக்கிற வாடிக்கையாளரை முதலில் எழுதுங்கள், அடுத்து நடுவில் அவருக்கு என்ன தருகிறீர்கள் என்பதை. "எல்லோரும்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: ஒரு கட்டம் மாறினால் மற்றதும் மாறும் என்கிறீர்களே, உதாரணம் உண்டா சார்?

பதில்: நெஸ்பிரஸ்ஸோவைப் பாருங்கள். நெஸ்லே 1986இல் தொடங்கிய இந்தக் கேப்சூல் காபி (காபித்தூள் அடைத்த சின்னக் குப்பியை அதற்கான மெஷினில் போட்டால் காபி வரும்) முதலில் அலுவலகங்களைக் குறிவைத்தது, எடுபடவில்லை. பிறகு, வீட்டிலேயே நல்ல எஸ்பிரெஸ்ஸோ குடிக்க நினைத்த வசதியானவர்கள் பக்கம் திரும்பினார்கள். கேப்சூல் அதேதான், ஆனால் வாடிக்கையாளர் கட்டம் மாறினதும் மற்றவையும் கூடவே நகர்ந்தன: மெஷினை வேறு நிறுவனங்கள் செய்து கடைகளில் விற்க, கேப்சூலை மட்டும் தங்கள் வாடிக்கையாளர் கிளப் வழியாக நேரடியாக அனுப்பினார்கள், மெஷின் வாங்கினவர் கேப்சூலுக்குத் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும் என்பதால் வருமானம் தொடர்ந்து வந்தது. இதற்கெல்லாம் முட்டுக் கொடுத்தது வளங்கள் கட்டத்தில் இருந்த காப்புரிமை. முக்கியமான காப்புரிமைகள் காலாவதியான பிறகு மற்றவர்களும் அந்த மெஷினில் பொருந்தும் கேப்சூல்களோடு வந்துவிட்டார்கள். உங்கள் தாளிலும் எந்தக் கட்டம் விழுந்தால் எது விழும் என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள், எனக்கு இதுதான் கேன்வாஸின் உயிர்.

கேள்வி: திருத்தும்போது பழையதை அழித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தேதி போட்டு ஒரு போட்டோ எடுத்து வைத்துவிட்டுப் புதுத் தாளை எடுங்கள். எங்கள் முதல் தொழிலில் அழித்து அழித்துத்தான் எழுதினோம், ஏழு மாதம் கழித்து கடைகளுக்கு மொத்த விலையில் விற்பதை ஏன் விட்டோம் என்று பங்காளி கேட்டபோது ஒருவருக்கும் காரணம் நினைவில்லை, மறுபடி அதிலேயே இறங்கி அதே நஷ்டத்தைப் பட்டோம். இன்னொன்று, விசாரித்துத் தெரிந்துகொண்டதை ஒரு நிறச் சீட்டிலும் வெறும் ஊகத்தை வேறு நிறத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: லீன் கேன்வாஸ் வேறா?

பதில்: ஆமாம், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்காக ஆஷ் மௌர்யா என்ற தொழில்முனைவோர் இதே தாளை மாற்றி அமைத்தது. கூட்டாளிகள் இருந்த இடத்தில் பிரச்சினை, வேலைகள் இருந்த இடத்தில் தீர்வு என்று நான்கு கட்டங்கள் மாறும். இன்னும் எதையும் விற்கவில்லை என்றால் அதை எடுங்கள். கடை ஏற்கெனவே ஓடுகிறதா, சரி, பழைய ஒன்பது கட்டமே போதும்.