யார் தலையில் வட்டம்?

அன்புள்ள ஐயா,

காலாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். மாலை நாலேகால் மணி இருக்கும், கோக்கர்ஸ் வாக்கில் நடந்துகொண்டிருந்தோம். முதுகில் வெயில். பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. திடீரென்று அதில் ராட்சத உருவங்கள்! நாங்கள் கையை ஆட்டினால் அவையும் ஆட்டின. என் உருவத்தின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வட்டம். அம்மாவோ வட்டம் தன் தலையில்தான் என்று கும்பிட்டுவிட்டார். "அம்மா, உனக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று எல்லோரும் சிரித்தோம். மகனைக் கைப்பிடிக் கம்பிமேல் உட்காரவைத்து நிழலைப் படமெடுத்தேன். படத்தில் அவன் தலையில் வட்டமே இல்லை. உறவினர் ஒருவர் இது கெட்ட சகுனம் என்கிறார். பரிகாரம் தேவையா? மறுபடி பார்க்க எந்த மாதம் போகலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மூடுபனியைப் பற்றிய குறிப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. பரிகாரம் ஒன்றும் வேண்டாம். சகுனம் பார்த்தே ஆக வேண்டுமென்றால், 1894-ல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் இதே காட்சியைப் பார்த்தவர் இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன். அதைச் சோதனைச்சாலையில் செய்துபார்க்கப் போய், அணுத்துகள்கள் போகும் தடத்தைக் காட்டும் முகிற்கலம் என்ற கருவியை உருவாக்கினார். 1927-ல் நோபல் பரிசு வாங்கினார். உறவினரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் பார்த்தது பிராக்கன் பூதம். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைகளில் 1,141 மீட்டர் உயரமுள்ள சிகரம் பிராக்கன். சீனாவில் எமெய் மலையில் இதையே புத்தரின் ஒளி என்பார்கள். சீனர்கள் உங்கள் அம்மா கட்சி.

உருவம் ராட்சதமாகத் தெரிந்தது வெறும் கண்மயக்கு. பக்கத்தில் இருக்கும் பனியைத் தொலைவில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

வட்டத்துக்கு வருகிறேன். முதலில் அம்மாவிடம் போய் "நீ சொன்னதுதாம்மா சரி" என்று சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். அவர் கண்ணில் கோளாறில்லை. உங்கள் கண்ணிலும் இல்லை. அங்கே இருந்தது ஒரு வட்டம் அல்ல. எத்தனை ஜோடிக் கண்களோ அத்தனை வட்டம்.

பனித்துளியின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. அதில் படும் வெயிலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்புகிறது, அலைகளாக ஒன்றோடொன்று கலந்து நிறம் பிரிகிறது. வெளிவிளிம்பு சிவப்பு, உள்ளே நீலம். துளி சிறுத்தால் வட்டம் பெருக்கும். வட்டத்தின் நடுப்புள்ளி எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில், பார்ப்பவர் கண்ணின் நிழல் விழும் இடத்தில். அம்மாவின் கண்ணுக்கு அம்மாவின் தலை. உங்கள் கண்ணுக்கு உங்கள் தலை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வயதானவர் ஒன்றைப் பார்த்தேன் என்றால் கண்ணாடியைக் குறை சொல்வது நமக்கு எவ்வளவு சுலபமாகிவிட்டது!

கணக்காகவே பாருங்கள். 57 அடி தொலைவில் ஓர் அடி என்பது ஒரு டிகிரி. வட்டத்தின் ஆரம் 5 டிகிரி என்று வையுங்கள். பனி 100 மீட்டர் தள்ளி இருந்தால் வட்டம் நடுவிலிருந்து கிட்டத்தட்ட 9 மீட்டர் விரியும். ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் அம்மாவின் தலையும் அதற்குள் அடங்கிவிடும், சண்டையே வராது. பனி 10 மீட்டரில் இருந்தால் ஆரம் 90 சென்டிமீட்டர்கூட இல்லை; அம்மா தலை வெளியே போய்விடும். உங்களுக்குள் தகராறு வந்ததிலிருந்தே அன்று பனி நெருங்கி வந்திருந்தது தெரிகிறது.

படத்தில் மகன் தலையில் வட்டம் இல்லாததற்கும் இதுதான் காரணம். கேமரா தன் நிழலைச் சுற்றித்தான் பார்க்கும். அடுத்த முறை போனைப் பக்கவாட்டில் கையை நீட்டிப் பிடியுங்கள். படத்தில் வட்டம் உங்கள் கை நிழலுக்குப் போய்விடும். பிளாஷை அணையுங்கள், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பனி வெள்ளையடித்துவிடும். போர்ட்ரெய்ட் வேண்டாம். நிழலின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

ஆனால் கம்பிமேல் குழந்தையை உட்காரவைத்தது! பனியில் கம்பி ஈரமாகி வழுக்கும், கீழே என்ன ஆழம் என்பதும் தெரியாது. ஒரு நிழலுக்காகவா? அவன் தரையில் நின்றிருந்தாலும் அதே படம்தான் கிடைத்திருக்கும்.

விமானத்திலும் இது உண்டு. சூரியனுக்கு எதிர்ப்பக்க ஜன்னல் வேண்டும். கீழே மேகத்தில் விமானத்தின் நிழல் விழும்போது, வட்டத்தின் நடு உங்கள் இருக்கையைக் காட்டும்.

அம்மாவுக்கு வீட்டருகிலேயே காட்டலாம். மார்கழிக் காலையில் வெயில் வந்ததும் வரப்பில் நின்று, பனி கோத்த நெற்பயிரில் தன் நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையைச் சுற்றி நிறமில்லாத வெண்ணொளி தெரியும். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி செல்லினி ஈரப்புல்லில் இதைக் கண்டு, தனக்குக் கிடைத்த தனி அருள் என்றே எழுதிவைத்தார். பக்கத்தில் யாரையாவது நடக்கவிட்டு, 'உன் தலையில் என்ன தெரிகிறது' என்று அவர் கேட்டிருக்கலாம்.

மாதம் கேட்டிருந்தீர்கள், இல்லையா? மாதத்தைவிட நேரம் முக்கியம். கோக்கர்ஸ் வாக்கின் பள்ளத்தாக்கு தென்கிழக்கில் இருப்பதால் வெயில் பின்னால் விழ மாலை வர வேண்டும். சூரியன் எத்தனை டிகிரி மேலேயோ, நிழல் அத்தனை டிகிரி கீழே விழும். ஆகவே பனி உங்கள் காலுக்குக் கீழே நிற்க வேண்டும், முதுகுப்பக்கம் மூடியிருக்கக் கூடாது. மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் நாலு மணிக்குப் போய் நில்லுங்கள். அம்மாவை உங்களிடமிருந்து பத்தடி தள்ளி நிற்கவையுங்கள்.