பழைய கேம் வாங்குனா கோடு கேக்குதே?

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல பழைய கேம் டிஸ்க் ஒண்ணு வாங்குனேன். ஆன்லைன்ல ஆடப்போனா கோடு கேக்குது. காசு குடுத்து வாங்குனதுக்கு எதுக்கு சார் இன்னொரு பூட்டு?

பதில்: டிஸ்க்கை விக்கிறதை நேரடியா தடுக்க முடியாதுங்க, அமெரிக்காவுல எல்லாம் ஒருதடவை வித்த காப்பி கைமாறுறதை பப்ளிஷர் (கேமை வெளியிடுற கம்பெனி) கேள்வி கேக்க சட்டத்துல இடமில்ல. அதனாலதான் கொல்லைப்புறமா வந்தாங்க. 2010ல இஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்)ங்கிற கேம் கம்பெனி ஆன்லைன் பாஸ்னு ஒண்ணு கொண்டுவந்துச்சு, புது பெட்டிக்குள்ள ஒரே ஒரு தடவை வேலை செய்யுற கோடு இருக்கும், முதல்ல வாங்குனவர் அதை போட்டுட்டா அடுத்து வாங்குறவர் தனியா 10 டாலர் கட்டணும். மத்தவங்களும் காப்பியடிச்சாங்க (இதுல மட்டும் ஒத்துமை!). 2013ல இஏவே அதை கைவிட்டுச்சு. அதே வருஷம் எக்ஸ்பாக்ஸ் ஒன்ங்கிற கேம் மெஷின்ல, 24 மணி நேரத்துக்கு ஒருதடவை நெட்ல செக் பண்ணனும், மறுவிற்பனையை பப்ளிஷர்தான் முடிவு பண்ணுவார்னு மைக்ரோசாஃப்ட் சொல்லி, செம திட்டு வாங்கி, ஜூன் மாசமே பின்வாங்குச்சு.

உங்க டிஸ்க்கோட கோடு அனேகமா முதல் ஓனர் யூஸ் பண்ணிட்டாரு. புதுசா காசு கட்டுறதுக்கு முன்னாடி அந்த கேம் சர்வர் இன்னும் ஓடுதான்னு பாத்துக்கோங்க.

டவுன்லோட் கேம் கதை இன்னும் மோசம். ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடைல வாங்குனதை விக்கலாம்னு 2019ல பாரிஸ் கோர்ட் சொல்லுச்சு, 2022ல அப்பீல்ல அது கவுந்துடுச்சு. டிஸ்க்காச்சும் கைமாறுது!