தம்பியின் பிளானில் உதவி குறைந்துவிட்டது: தனி யூனிட்டை விட வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. ஆறு வருசத்துக்கு முன் கடலில் பாய்ந்தபோது கழுத்தில் அடிபட்டு, சி6 (கழுத்தின் ஆறாவது எலும்பு) மட்டத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டது. பென்டில் ஹில்லில் வாடகை யூனிட் ஒன்றில் தனியாக இருக்கிறான். பரமட்டாவில் கிழமைக்கு மூன்று நாள் கணக்கியல் வேலை. என்.டி.ஐ.எஸ். (அவுஸ்திரேலிய அரசின் மாற்றுத்திறனாளர் காப்புத் திட்டம்) பிளானில் இவ்வளவு காலமும் நாளொன்றுக்கு 6 மணித்தியால உதவி இருந்தது. ஐந்து கிழமைக்கு முன் வந்த புதுப் பிளானில் அது 4 ஆகிவிட்டது. பத்து நிமிட தூரத்தில் இருக்கும் அம்மா சமையலுக்கும் இரவு உதவிக்கும் வருவார் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வருத்தம். எங்களோடேயே வந்துவிடட்டும் என்கிறார் அப்பா. தம்பிக்கு மனமில்லை. எதிர்த்துக் கேட்டால் இன்னும் குறைப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, மேற்கு சிட்னி

பதில்: யூனிட்டை இப்போதைக்கு விட வேண்டாம். அப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள். தம்பி வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்த பிளான் 'பெற்றோருடன் வசிக்கும் ஒருவருக்கு' என்றே எழுதப்படும். பிறகு திரும்பத் தனியாகப் போக வேண்டுமென்றால், 'இப்போது எல்லாம் நன்றாகத்தானே நடக்கிறது' என்ற பதிலோடு முதலிலிருந்து போராட வேண்டிவரும். இந்த வழியில் போன பலரைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர்.

இரண்டு மணித்தியாலம் என்பது கடிதத்தில் சின்ன எண்ணாகத் தெரியும். தம்பியின் நாளில் வைத்துப் பாருங்கள். சி6 மட்டத்தில் பாதிப்புள்ள ஒருவருக்குக் காலையில் மலம் கழிக்கும் ஒழுங்கு, குளிப்பு, தோல் பார்ப்பது, உடுப்பு, ஹொயிஸ்டில் தூக்கிச் சக்கர நாற்காலியில் இருத்துவது என்று இரண்டரை, மூன்று மணித்தியாலம் எளிதாகப் போகும். மிஞ்சும் ஒரு மணித்தியாலம் இரவுக்கு. மத்தியானச் சாப்பாடு, சிறுநீர்ப் பையை வெறுமையாக்குவது, சமையல், கடைக்குப் போவது எல்லாம் எங்கே வைப்பது? காலையைச் சுருக்கினால் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போக முடியாது. இரவைச் சுருக்கினால், உதவியாளருக்கு வசதியான ஏழு மணிக்கே படுக்கப் போக வேண்டும். எத்தனை மணிக்குப் படுப்பது என்பதைத் தான் தீர்மானிப்பதா, ரோஸ்டர் தீர்மானிப்பதா? தனியாக வாழ்வது என்பதில் பாதி அந்தக் கேள்விதான்.

இதற்குள் மருத்துவ ஆபத்தும் இருக்கிறது. நெஞ்சு மட்டத்து முதுகெலும்புகளில் ஆறாவதிலோ அதற்கு மேலேயோ பாதிப்புள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்தாலோ மலச்சிக்கல் வந்தாலோ இரத்த அழுத்தம் திடீரென்று ஏறிவிடும். ஆங்கிலத்தில் ஓட்டோனொமிக் டிஸ்ரிஃப்லெக்ஸியா என்பார்கள். உடனே கவனிக்காவிட்டால் பக்கவாதம் வரை போகும். இந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். பாசம் உள்ள அம்மா போதாது. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிளானரிடம் (பிளானை எழுதும் அதிகாரி) போன அறிக்கையிலும் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இனி அம்மாவிடம் வருவோம். எங்கள் வீடுகளுக்குப் பிளானர் வந்தால் முதலில் தேத்தண்ணி வரும், பிறகு பெருமை வரும். "என்ர பிள்ளைக்கு நான் செய்யாமல் வேற ஆர் செய்யிறது?" என்று அம்மா சொல்லியிருப்பார். அதில் பொய்யில்லை. ஆனால் அது கோப்பில் 'தாயார் நாளாந்தம் உதவத் தயாராக உள்ளார்' என்று மாறி, அதற்கு ஈடான பணம் கழிக்கப்படும். குடும்பம் எவ்வளவு செய்யும் என்று எதிர்பார்ப்பது நியாயம் என்பதைப் பார்க்கச் சொல்லி என்.டி.ஐ.எஸ். சட்டத்தின் 34ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆகவே அவர்கள் அம்மாவைக் கணக்கில் எடுத்தது தவறில்லை. எப்படி எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

2013இல் வந்த விதிகளில் 3.4ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்குக் குடும்பம் செய்யும் உதவியைக் கணக்கில் எடுக்கும்போது, செய்பவரின் வயதும் இயலுமையும் பார்க்கப்பட வேண்டும்; அந்த உதவியால் செய்பவரின் நலன் நாளடைவில் கெடுமா என்று பார்க்க வேண்டும்; அந்த உதவி அதைப் பெறுபவரின் சுயாதீனத்தைக் கூட்டுமா குறைக்குமா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் வழக்கு முழுவதும் இந்த விதிக்குள் இருக்கிறது. முழங்கால் வருத்தமுள்ள 67 வயதுப் பெண், 34 வயது மகனைப் படுக்கையில் புரட்டுவதை எதிர்பார்ப்பது நியாயமா? அம்மாவின் கைகளில் குளிப்பதற்கு அந்த மகன் ஒத்துக்கொள்வானா? இதைக் கேட்க எங்களுக்குக் கூச்சம். கேட்காமல் விட்டால் அவர்களாகக் கேட்கப் போவதில்லை.

அடுத்து, எந்த வழியால் போவது. இங்கேதான் பலரும் வழி மாறிப் போகிறார்கள். கொடுத்த முடிவு பிழை என்றால் உள்ளக மீளாய்வு, அதாவது என்.டி.ஐ.எஸ். அமைப்புக்குள்ளேயே வேறொரு அதிகாரி முடிவைத் திரும்பப் பார்ப்பது. சட்டத்தில் 100ஆம் பிரிவு. முடிவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். தம்பியின் நிலைமை பிளானுக்குப் பிறகு மாறியிருந்தால் மட்டும் 48ஆம் பிரிவின் கீழ் மறுமதிப்பீடு. அம்மாவுக்கு நாளைக்கு முழங்கால் சத்திரசிகிச்சை என்று வைத்தியர் சொன்னால் அது இரண்டாவது வகை. உங்களுக்கு இப்போது வேண்டியது முதலாவது. தொலைபேசியில் 'பிளானை மாற்ற வேண்டும்' என்று மட்டும் சொன்னால் இரண்டாவது படிவத்தைத் தந்துவிடுவார்கள். அது நிராகரிக்கப்பட்டு வரும்போது உங்கள் மூன்று மாதம் முடிந்திருக்கலாம்.

மீளாய்வு முடிவு 60 நாளில் வர வேண்டும். அதிலும் சரிவரவில்லை என்றால் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம். பழைய நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் (ஏ.ஏ.டி.) இடத்தில் 2024 ஒக்டோபர் 14 முதல் இயங்குவது. அங்கே போக 28 நாள்தான் அவகாசம். விண்ணப்பக் கட்டணம் இல்லை. பெரும்பாலான என்.டி.ஐ.எஸ். விடயங்கள் விசாரணைக்கு முன்பே பேச்சுவார்த்தையில் தீர்ந்துவிடுகின்றன. கூட வர இலவச அட்வகேட் (வக்கீல் அல்ல, உங்கள் பக்கம் நின்று பேசுபவர்) கிடைப்பார். தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450க்கு எடுத்து மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதுவும் இலவசம். அம்மா பேச வேண்டிய இடத்தில் நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். பிள்ளைகள் மொழிபெயர்த்தால் அம்மாமார் வலியைக் குறைத்துத்தான் சொல்வார்கள்.

எதிர்த்துக் கேட்டால் குறைப்பார்களா? சட்டப்படி மீளாய்வு செய்பவர் முடிவை உறுதி செய்யலாம், மாற்றலாம், அகற்றிப் புதிதாக எடுக்கலாம். ஆகவே குறையவே குறையாது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் பழிவாங்கலாகக் குறைப்பார்கள் என்ற பயத்துக்கு இடமில்லை. வலுவான அறிக்கையோடு போகிறவர்கள் பயப்படத் தேவையில்லை. 2017இல் பெடரல் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், விக்டோரியாவைச் சேர்ந்த ஒருவர் வேலைக்குப் போகும் டாக்சிச் செலவில் நான்கில் மூன்று பங்கு மட்டுமே பிளானில் தரப்பட்டது. ஓர் உதவி நியாயமானதும் அவசியமானதும் என்று ஏற்றுக்கொண்டால் முழுவதையும் கொடுக்க வேண்டும், பாதி முக்கால் என்று கொடுக்க முடியாது என்றது நீதிமன்றம்.

அறிக்கை என்றேன். ஓ.டி.யிடம் (தொழில்வழிச் சிகிச்சையாளர்) கேட்க வேண்டியது நோயின் பெயரை அல்ல. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம், எத்தனை ஆள், செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான். அதோடு தம்பி இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதட்டும்: எத்தனை மணிக்கு யார் வந்தார், என்ன செய்தார், என்ன செய்யாமல் விடுபட்டது. பழைய பிளானில் பணம் மிஞ்சியிருந்தால் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள். ஆள் வராமல் விட்ட நாள்களை 'தேவைப்படவில்லை' என்று வாசிப்பது அங்கே வழக்கம்.

மீளாய்வு நடக்கும்போது செலவழிப்பது புதுப் பிளானின்படிதான். பிளானில் இருப்பது மணித்தியாலம் அல்ல, பணம். 2025-26 விலைப்பட்டியலில் வாரநாள் பகலுக்கு உச்சவரம்பு மணிக்கு 70 டொலர் சொச்சம், ஞாயிறு 127 டொலர். கிழமைக்கு 14 மணித்தியாலம் போனால் வருசத்தில் குறைந்தது 51,000 டொலர் இல்லாமல் போகிறது. 'தீரும்போது பார்ப்போம்' என்று பழைய ஆறு மணித்தியாலத்தையே பிடிக்கப் போனால், பணம் மூன்று மாதப் பகுதிகளாகத் திறக்கும் இந்தக் காலத்தில் பகுதி முடிய முன்னே கை வெறுமையாகிவிடும். காலை நேரத்தை முழுதாக வைத்துக்கொள்ளுங்கள், வேலை அதில்தான் தொங்குகிறது. கடைச் சாமானை ஞாயிறிலிருந்து வாரநாளுக்கு மாற்றினால் ஒரு மணித்தியாலக் காசில் ஏறக்குறைய இரண்டு கிடைக்கும். இடைவெளிக்கு அம்மா போய் உதவினால் குற்றமில்லை. ஆனால் 'தற்காலிகம்' என்று ஒவ்வொரு நாளும் கொப்பியில் ஏறட்டும்.

உங்களுக்கு இன்னும் எட்டுக் கிழமை அளவில் இருக்கிறது. ஓ.டி.யிடம் நேரம் எடுப்பதற்கே அதில் பாதி போய்விடலாம். அறிக்கைக்காகக் காத்திருக்காமல் இந்தக் கிழமையே என்.டி.ஐ.எஸ். இலக்கமான 1800 800 110க்கு எடுத்து '100ஆம் பிரிவு மீளாய்வு' என்ற சொற்களையே சொல்லுங்கள். வாய்மொழியாகக் கேட்டாலும் செல்லும். சொன்ன நாளையும் அவர்கள் தரும் இலக்கத்தையும் அதே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அறிக்கையைப் பின்னால் அனுப்பலாம்.