கேள்வி பதில்: சுட்டுக்கிட்டே சிரிக்க ஒரு கேம்

கேள்வி: அண்ணா, என் ரூம்மேட் பார்டர்லேண்ட்ஸ் 2-வ விடாம ஆடிட்டே இருக்கான். 2012ல வந்த கேம், பாக்க காமிக்ஸ் புக் மாதிரி இருக்கு, சுடுறான் சுடுறான் நடுவுல விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஷூட்டிங் கேம்ல அப்படி என்ன சிரிப்பு?

பதில்: தம்பி, மத்த ஷூட்டிங் கேம்ல காமெடின்னா ரெண்டு சண்டைக்கு நடுவுல யாராவது ஜோக் அடிப்பாங்க, இதுல துப்பாக்கியே காமெடி பண்ணும். கேம்ல வர்ற டீடியோர்ங்கற கம்பெனியோட துப்பாக்கிய ரீலோட் பண்றதுன்னா அதையே எதிரி மேல தூக்கி வீசிடறது தான், அது அங்க போய் வெடிக்கும், கைல புதுசு ஒண்ணு வந்து நிக்கும். உள்ள எவ்ளோ குண்டு மிச்சமோ வெடியும் அவ்ளோ பெருசு, அதனால காலியாகறதுக்கு முன்னாடியே வீசறவன் தான் விவரமான ஆளு. பேன் (Bane)னு ஒரு துப்பாக்கி இருக்கு, அதை எடுத்தா நம்ம நடை ஆமை வேகம் ஆயிடும், சுட்டா காது கிழியற மாதிரி கத்தும். தௌசண்ட் கட்ஸ்னு ஒரு ஏரியால ஒருத்தன் நின்னுக்கிட்டு என் மூஞ்சில சுடு மூஞ்சில சுடுன்னு கெஞ்சுவான், அதான் மிஷனே, வேற எங்கயாவது சுட்டீங்கன்னா கோவிச்சுப்பான்!

இதுக்கெல்லாம் அடியில ஒழுங்கான ஆர்பிஜி இருக்கு, அதாவது ஆட ஆட நம்ம கேரக்டர வளர்த்துக்கிட்டே போற வகை கேம், லெவல், புதுப்புது திறமைய தேர்ந்தெடுக்கற ஸ்கில் ட்ரீ எல்லாம் உண்டு. வாஷிங் மெஷின், கக்கூஸ்னு எதை திறந்தாலும் உள்ள குண்டோ காசோ கிடக்கும், ரொம்ப அபூர்வமான ஆரஞ்சு கலர் துப்பாக்கி ஒண்ணு விழுந்துச்சுன்னா அன்னைக்கு தூக்கம் கிடையாது. ஆன்லைன்ல நாலு பேர் சேர்ந்து ஆடலாம், நீங்களும் சேர்ந்துக்கங்க, தனியா ஆடறதுல பாதி சுகம் தான்.

கேள்வி: கதைன்னு ஏதாவது இருக்கா, இல்ல வெறும் கலாய் தானா?

பதில்: இருக்கு, எனக்கு அதான் ரொம்ப பிடிச்சது. வில்லன் ஹாண்ட்சம் ஜாக், ஹைபீரியன் கம்பெனி தலைவர், நாம பாட்டுக்கு நடந்து போயிட்டிருப்போம், ரேடியோல கூப்பிட்டு வைரத்துலயே ஒரு குதிரை வாங்கிருக்கேன்னு பீத்திக்குவான், நொறுக்குத்தீனிய மென்னுக்கிட்டே நம்மள திட்டுவான். அவனைப் பொறுத்தவரை ஹீரோ அவன் தான், நாம கொள்ளைக்காரங்க. சிரிச்சு சிரிச்சு பழகின அதே குரல் பின்னாடி நிஜமாவே கொடூரம் பண்ணும்போது வர்ற கோவம் இருக்கே, சீரியஸா பேசற எந்த வில்லன் கிட்டயும் எனக்கு வந்ததில்ல.

அப்புறம் டைனி டீனா, வெடிகுண்டு பைத்தியம் பிடிச்ச 13 வயசு பொண்ணு. 2013ல வந்த டிராகன் கீப் டிஎல்சி, அதாவது கேமோட சேர்த்துக்கற கூடுதல் பாகம், முழுக்க அவ பகடை உருட்டி நடத்தற ஒரு கதை விளையாட்டு, அவளுக்கு உசுரான ஒருத்தர் மெயின் கதைல செத்திருப்பார், பேர் சொல்லல நீங்களே பாருங்க, ஆனா அவ தன் விளையாட்டுக்குள்ள அவரை உயிரோடவே வச்சிருப்பா. கூட ஆடறவங்க அவர் இல்லம்மான்னு எடுத்து சொல்லப் பாப்பாங்க, அவ காதுலயே வாங்க மாட்டா. அவ்ளோ நேரம் எலும்புக்கூடு, டிராகன்னு கெக்கெபிக்கேன்னு போயிட்டிருந்த கதை அங்க தொண்டைய அடைச்சிடும். அதுவரைக்கும் சிரிக்க வச்சதால தான் அந்த இடம் அவ்ளோ வலிக்குது, முதல்ல இருந்தே சோகமா போயிருந்தா இப்படி இறங்கியிருக்காது.

கேள்வி (ஒரு அம்மா): என் பத்து வயசு பையன் இந்த கேம கேக்குறான், கார்ட்டூன் தானேன்னு வாங்கித் தரலாமா?

பதில்: வேணாம்மா. படம் தான் கார்ட்டூன் மாதிரி, ரத்தமும் கெட்ட வார்த்தையும் நிறைய, ஐரோப்பால 18 வயசுக்கு மேலன்னு ரேட்டிங் குடுத்திருக்காங்க. அவன் வளரட்டும், கேம் எங்கயும் ஓடிடாது.