பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை

கேள்வி: மழை நாட்களில் படுக்கையறையில் ஒரே முடைநாற்றம். பீரோவுக்குப் பின்சுவரில் கருப்புப் புள்ளிகள். ஏர் பியூரிஃபையர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அது தூசியைப் பிடிக்கும். சுவரின் ஈரத்தை எடுக்காது. முதலில் பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். காற்றோட்டம் இல்லாத குளிர்ந்த சுவரில்தான் ஈரம் படிகிறது. அறைக்குள் துணி காயப்போடாதீர்கள், அந்த ஈரமெல்லாம் அங்கேயே தங்கிவிடும்.

ஈரப்பதமானி ஒன்று அவசியம் வாங்குங்கள். அறைக் காற்றின் ஈரப்பதத்தை 60 சதவீதத்தைத் தாண்டவே விடக்கூடாது. என் கட்டில் தலைமாட்டில் ஒன்று இருக்கிறது. குளித்துவிட்டுக் குளியலறைக் கதவைத் திறந்துபோட்டால் முள் ஏறுவது கண்ணுக்கே தெரியும்.

புள்ளிகளைச் சோப்பு நீரால் துடைத்துக் காயவிடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் பூஞ்சை வித்துகள் பறக்கும், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அதே இடத்தில் மறுபடி வந்தால், சுவருக்குள் குழாய் கசிகிறதா என்று பாருங்கள்.